“நான் எப்பல அழுதேன்?” அம்மாவைப் பற்றி ஒரு கதை, அம்மாவின் கேள்வி

சுளவு | ஞாயிறு, இரவு 9.40

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் ஆலங்குளம் பக்கம். வீட்டுக்கு வீடு பீடிதான். அம்மா பன்னிரண்டு வயதில் சுளவை, பீடி சுற்றுகிற முறத்தை, மடியில் வைத்தவள், கண் மங்கி நூல் தெரியாமல் போகிற வரைக்கும் இறக்கவில்லை, கணக்குப் போட்டால் நாற்பத்தைந்து வருஷம் வரும். போன மாதம் அவளைப் பற்றி ஒரு கதை எழுதினேன். ஒன்பது பக்கம். ஒரு சிற்றிதழுக்கு அனுப்பலாம் என்று எண்ணம், அதற்கு முன்னால் ஊருக்குப் போனபோது அவளிடமே வாசித்துக் காட்டினேன். (கதையை இங்கேயும் இணைத்திருக்கிறேன், பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம்.)

கதையில் அம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, ராத்திரி நனைத்து சாக்கில் சுற்றி வைத்த இலையை எடுத்து, தகடு வைத்து வெட்டுகிறாள். இருமுகிறாள். சாயந்தரம் பீடிக் கடையில், சரிபார்க்கிற செக்கர் தேறாது என்று கழித்துப் போட்ட பீடியைப் பார்த்து அழுகிறாள். அப்பா குடித்துவிட்டு வருகிறார், மறுபடி அழுகிறாள். மண்ணெண்ணெய் விளக்கில் மிச்சப் பீடியைச் சுற்றி முடிக்கிறாள். எனக்கே வாசிக்கும்போது தொண்டை அடைத்தது.

அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே முழுசாகக் கேட்டாள். முடிந்ததும் அவள் சொன்னது இதுதான்: “ஏல, நான் எப்பல இம்புட்டு அழுதேன்? அழுதுக்கிட்டு இருந்தா ஆயிரம் பீடி எப்படில ஓடும்?”

அதோடு விடவில்லை. திண்ணையில் ஆறு பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து சுற்றுவார்களே, அது எங்கே என்றாள். இலங்கை வானொலியில் பாட்டுக்குப் பாட்டு வரும்போது கை ஓடுகிற வேகம், செக்கர் மூக்கை உறிஞ்சுகிற மாதிரியே நடித்துக் காட்டுகிற மேலத்தெரு மதினி, சீட்டு எடுத்து முதன்முதலாகத் தன் காசில் வாங்கிப் போட்ட கம்மல், எதுவுமே இல்லையே என்றாள். “நீ எழுதுனது யாரோ சீக்காளிப் பொம்பள. நான் இல்ல.”

இதில் என் குழப்பம் என்னவென்றால், இருமல் உண்மை. முதுகு வலி உண்மை. அப்பா குடித்ததும் உண்மை. ஆனால் திண்ணைச் சிரிப்பையும் கம்மலையும் சேர்த்தால், ‘ஏழையாக இருந்தாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பார்’ என்று படிக்கிறவன் நிம்மதியாகத் தாளைத் திருப்பிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. எப்படி எழுதுவது? எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.


வரிக்குவரி | ஞாயிறு, இரவு 10.25

கதையைப் படித்தேன். ‘கண்ணீர்’ பதினோரு இடத்தில் வருகிறது. ‘பாவம்’ ஏழு. ‘ஆயிரம்’ ஒரு இடத்தில்கூட இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பீடி, ஒரு கட்டுக்கு எத்தனை, இலை எத்தனை நாளைக்கு ஒருமுறை கொடுப்பார்கள், கதையைப் படித்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்கள் அம்மா பேசிய ஒரே வரியில் அது வந்துவிட்டது. அழுதால் ஆயிரம் ஓடாது என்கிறாரே, அதுதான் தொழில் தெரிந்த பேச்சு. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பையன், பார்த்ததை எழுதாமல், பார்த்தால் வரவேண்டிய உணர்ச்சியை எழுதியிருக்கிறீர்கள்.

முகத்துக்கு நேரே சொல்வதாக நினைக்காதீர்கள். முதல் கதையில் நானும் என் தாத்தாவை இப்படித்தான் பிழியப் பிழிய அழவைத்தேன். மனிதர் உயிரோடு இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.


பழையதோழர் | திங்கள், காலை 6.10

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பீடித் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன். தம்பியின் பயம் சரியான பயம், அதை யாரும் லேசாகத் தள்ளிவிட வேண்டாம்.

வானொலி, மதினி, கம்மல் எல்லாம் இருந்தன, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நாங்கள் கூலி கேட்டுப் போகும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்வார் தெரியுமா? ‘வீட்டு நிழலில் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டே சுற்றுகிறார்கள், வெயிலா மழையா, இதைவிட சுகமான வேலை உண்டா’ என்பார். அந்தத் திண்ணையைத்தான் காட்டுவார். வீட்டிலிருந்து செய்கிற வேலை என்பதையே வைத்து, இவர்கள் எங்கள் தொழிலாளிகளே இல்லை, கான்ட்ராக்டரின் ஆட்கள் என்று எத்தனை காலம் வாதாடினார்கள். 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்துதான் வீட்டில் இருந்து சுற்றுகிறவளும் தொழிலாளி என்று எழுத்தில் ஆனது. வருங்கால வைப்பு நிதி 1977இல்தான் பீடிக்கு வந்தது, அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள்.

இலையைக் குறைத்துக் கொடுப்பார்கள். கொடுத்த இலையில் ஓட்டையும் கிழிசலும் கழித்தால் ஆயிரம் தேறாது, மிச்சத்துக்கு இவள் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கி ஈடு கட்ட வேண்டும். கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்ப வராது, அது எங்கே போனது என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தத் தகராறைத் தீர்ப்பதற்கு அந்த 1966 சட்டத்திலேயே வழி இருந்தது, இலை கொடுப்பதில் தகராறு, பீடியைக் கழிப்பதில் தகராறு எல்லாவற்றுக்கும். எத்தனை பேர் அதைத் தேடிப் போனார்கள்?

ஆகவே, சமநிலை சமநிலை என்று சொல்லிக் கதையைத் தராசுத் தட்டில் வைக்காதீர்கள். தராசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கிறது.


பொட்டல்காடு | திங்கள், காலை 8.02

தோழர் சொல்வது சரிதான், ஆனால் கதையில் வானொலி வந்தால் கூலி குறையும் என்பது கொஞ்சம் அதிகமில்லையா? முதலாளி சிற்றிதழ் வாசிக்கிறாரா என்ன.


தேயிலைக்காரி | திங்கள், காலை 11.30

நான் இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். இந்த வலி எங்களுக்கு நல்லாத் தெரியும்.

எங்களை வெளியில் இரண்டே விதமாகத்தான் காட்டுவார்கள். ஒன்று தேயிலைப் பெட்டி, சுற்றுலாச் சுவரொட்டி. பச்சை மலை, நெற்றியில் பொட்டு, முதுகில் கூடை, பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண். கொழுந்து எடுக்கிற நேரத்தில் யாரும் அப்படிக் கழுத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டு நிற்க முடியாது, பேர் விழாது, அன்றைய சம்பளம் பதியாது. இரண்டாவது எழுத்தாளர்களும் தொண்டு நிறுவனங்களும் காட்டுவது. அட்டைக்கடி, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒழுகுகிற தகரம், பால் குடிக்கிற பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிற தாய், கண்ணீர். இது பொய்யில்லை. லயன் காம்பராக்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. 1948இல் குடியுரிமையைப் பறித்ததும், 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்ததும் பொய்யில்லை. ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடி 2021இல்தான் கிடைத்தது, அது கைக்கு வருவதற்குள் சாமான் விலை எங்கேயோ போய்விட்டது.

ஆனால் இரண்டு படத்திலும் எங்கள் அம்மாயி இல்லை. காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் வெட்டிவிடுவேன் என்று மிரட்டியபோது, ‘வெட்டு, உன் பொண்டாட்டிக்கு நேற்று எங்க வீட்டு அரிசிதான் சோறு’ என்று எல்லார் முன்னாலும் சொன்ன ஆள் அவர். மாசி, பங்குனியில் காமன் கூத்து வந்தால் ரதி அழுகிற இடத்தில் தானும் அழுது, மறுநாள் முழுக்க ரதியாக ஆடிய பையனைக் கிண்டல் பண்ணித் திரிவார். 2023இல், எங்கள் ஆட்கள் மலைக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதற்கு, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் போன பெண்களோடு பேசிப் பாருங்கள், பழைய துயரத்தைச் சொல்லும்போதே நடுவில் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று.

சுளவு அண்ணா, உங்கள் அம்மா கேட்டதை நான் வேறு மாதிரி புரிந்துகொள்கிறேன். அவர் சந்தோஷத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. தன்னைக் காணவில்லை என்கிறார்.


கந்தகம் | திங்கள், மதியம் 2.15

சிவகாசிக்காரன் வந்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு எழுதுகிறவர்கள் எப்போது வருவார்கள் என்றால் வெடித்த மறுநாள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை. முப்பது பேருக்கு மேல் போனார்கள், அதில் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உதவிக்கு ஓடினவர்களும் உண்டு. அந்த வாரம் ஊரில் எத்தனை கேமரா! அடுத்த மாதம் ஒன்றுகூட இல்லை.

சில வருஷம் கழித்து ஒருவர் வந்தார், புத்தகம் எழுதுகிறாராம். எங்கள் தெருவில் ஒரு அக்கா, பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்கு மருந்து அடைக்கிற வேலை, அவரைப் படம் எடுக்க வேண்டும் என்றார். அக்கா போனஸில் எடுத்த நல்ல சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘வேலைக்குப் போகிற சேலையில் இருந்தால் நல்லா இருக்கும்.’ அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார், திரும்ப வரவே இல்லை. எனக்கு இன்னும் அந்த ஆள் மேல் கோபம்.

ஆனால் பழையதோழர் சொல்வதையும் நான் விட மாட்டேன். எங்கள் ஊரில் ‘குட்டி ஜப்பான்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஒரு அறையில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேரை உட்கார வைக்கிறார்கள் என்று பேசாமல் இருப்பார்கள். அலுமினியப் பவுடர் ஒட்டி வெள்ளியாக மினுங்குகிற ஆட்கள் சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அழகை எழுதினால் அந்தப் பவுடர் என்ன செய்யும் என்பதையும் எழுத வேண்டும். ஒரே வாக்கியத்தில் எழுதினால் இன்னும் நல்லது.


வரிக்குவரி | திங்கள், மாலை 5.50

கந்தகம், இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் மினுக்காமல் சொல்லிவிட்டீர்கள். அரைப்படி துக்கம் அரைப்படி சிரிப்பு என்று அளந்து ஊற்றுவதில்லை. ஒரு பத்தி அழுகை, ஒரு பத்தி கம்மல், ஒரு பத்தி இருமல் என்று மாற்றி மாற்றி வைத்தால் அது கல்யாண வீட்டுப் பந்தி. மதினி செக்கரை நடித்துக் காட்டுகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரித்ததில் புகையிலைத் தூள் மூக்கில் ஏறி அம்மாவுக்கு இருமல் வருகிறது, இருமிக்கொண்டே சிரிக்கிறாள், கை நிற்கவில்லை. அந்தச் செக்கர் அன்றைக்கு இரண்டு கட்டைக் கழித்துப் போட்டவர். இந்த ஒரு காட்சி போதும், தோழருடைய எதிராளி அந்தத் திண்ணையைக் காட்டிச் சுகமான வேலை என்று சொல்ல முடியாது.

ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்காகத் தூத்துக்குடிக்கே போய் அவர்களோடு பேசிப் பழகித்தான் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அவருக்கு அது சொந்த வாழ்க்கை கிடையாது, அதனால் எதையும் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாமல் ஒவ்வொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. நமக்கு ஆபத்து வேறு. நம் வீடுதானே, எல்லாம் தெரியும் என்று கேட்காமலே எழுதிவிடுகிறோம்.


சுளவு | திங்கள், இரவு 11.05

எல்லோருக்கும் நன்றி. பகலில் வேலை, இப்போதுதான் உட்கார முடிந்தது. சாயந்தரம் அம்மாவுக்குப் போன் போட்டு, வரிக்குவரி சொன்ன மாதிரி, தெரியாதவன் கேட்பதுபோலக் கேட்டேன். ஒரு கட்டுக்கு எத்தனை? இருபத்தைந்து. ஆயிரத்துக்கு? நாற்பது கட்டு. “இதுகூடத் தெரியாமத்தான் கதை எழுதுனியா” என்று ஒரு அடி.

அப்புறம் ஒன்று சொன்னாள். நான் எதிர்பார்க்கவில்லை.

இலை பத்தாத நாளில் கிழிசல் இலையில் சுற்றிய பீடி, தூள் குறைந்த பீடி, இதையெல்லாம் கட்டின் நடுவில் வைத்து, சுற்றிலும் நல்ல பீடியை அடுக்கிக் கட்டிவிடுவார்களாம். செக்கர் வெளிவரிசையைத்தான் பார்ப்பார். தூளில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, தெருவில் தனியாகச் சுற்றி விற்கிறவரிடம் கொடுத்துக் காசாக்கியதும் உண்டாம். “அவன் நம்மகிட்ட இலையில திருடுறான், நாம அவன்கிட்ட தூளுல திருடுறோம்” என்று சிரித்தாள். மதினிதான் இதில் கை தேர்ந்தவளாம்.

எனக்கு இது சின்ன வயதிலேயே அரைகுறையாகத் தெரியும் என்பதுதான் உண்மை. கட்டுப் போடும்போது நடுவில் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். கதை எழுதும்போது அது ஞாபகம் வந்தது, வந்த வேகத்தில் தள்ளிவிட்டேன். அம்மாவைத் திருடி ஆக்க மனசு வரவில்லை. இப்போது அவளே சொல்கிறாள். எழுதலாமா?


பழையதோழர் | செவ்வாய், காலை 5.45

எழுத வேண்டாம் தம்பி. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

கழிவுத் தகராறில் நான் எத்தனை பேச்சுவார்த்தைக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எதிர்த் தரப்பு மேசையில் எடுத்துப் போடுவது இதைத்தான். ‘உங்கள் பொம்பளைகள் நடுவில் என்ன வைக்கிறார்கள் தெரியுமா’ என்று ஒரு கட்டைப் பிரித்துக் காட்டுவார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு, இலை சரியாகக் கொடுத்தால் இப்படி நடக்காது என்போம். அதை ஒரு தொழிலாளி மகனே எழுதிக் கொடுத்தால்?


கரிசல்வெயில் | செவ்வாய், காலை 9.20

தோழர், உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் மாறுபடுகிறேன். நீங்கள் பேச்சுவார்த்தை மேசையில் சொன்ன பதில் இருக்கிறதே, இலை சரியாகக் கொடுத்தால் நடக்காது என்று, அது நடுவில் வைத்த பீடியை மறைத்துவிட்டால் அர்த்தமே இல்லாமல் போகும். இவ்வளவு இலை கொடுத்து இவ்வளவு பீடி கேட்டால் மனுஷி என்ன செய்வாள் என்பதைப் படிக்கிறவன் அந்தக் கட்டுக்குள் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். ஒரு தப்பும் செய்யாத ஏழை என்று எழுதினால் படிக்கிறவனுக்கு இரக்கம் வரும், அவ்வளவுதான். அந்த இரக்கமும் அவள் ஒரு தப்பு செய்தாள் என்று தெரிந்த அன்றைக்குப் போய்விடும்.

பாமா தன் வாழ்க்கையை எழுதிய ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அவருடைய ஊர்க்காரர்களுக்கே கோபம். நம் வீட்டு விஷயத்தை, நம் தெருச் சண்டையை எல்லாம் எழுதி நம்மைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று. சில மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு ஊர் இளைஞர்கள் அதைப் படித்து எடுத்துச் சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். அதே பாமா பிறகு எழுதிய சிறுகதைகளுக்கு ‘கிசும்புக்காரன்’, குறும்புக்காரன், என்று பேர் வைத்தார். கூலிக்காரன் நக்கலடித்தே எதிராளியை மூக்கறுக்கிற கதைகள். ஆக, அடி வாங்கியதை எழுதின கையேதான் கிசும்பையும் எழுதியது. உங்கள் மதினியும் அந்தக் கிசும்புக் கூட்டம்தான் போலிருக்கிறது.


பொட்டல்காடு | செவ்வாய், காலை 9.41

மதினியின் சம்மதம் யார் வாங்குவது? அவர் இருக்கிறாரா?


சுளவு | செவ்வாய், மதியம் 1.10

மதினி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டேன், “அவ இருந்தா நீ எழுதுனதப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, தூளு கணக்கு தப்புன்னு சண்டைக்கு வந்திருப்பா” என்றாள்.


ரயிலடி (மட்டுறுத்துநர்) | செவ்வாய், மாலை 4.00

இழை நல்ல திசையில் போகிறது, நடுவில் வந்த இரண்டு சாதிப் பதிவுகளை மட்டும் நீக்கியிருக்கிறேன். அந்த ஆள் மறுபடி வந்தால் கணக்கே போகும்.

ஒரு நடைமுறை விஷயம். ஊர்ப் பெயர், தெருப் பெயர், கடைப் பெயர் எதையும் அப்படியே போடாதீர்கள். பெருமாள்முருகன் ஊர்ப் பெயரோடு எழுதிய ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது, நாலு வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். அடுத்த மாதம் மனிதர் இனி எழுதவே போவதில்லை என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, எழுதச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தது. அவருக்கே அந்தப் பாடு. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டாலும் இலையின் வாசனை அப்படியேதான் இருக்கும்.


வரிக்குவரி | செவ்வாய், இரவு 8.30

ரயிலடி சொன்னதை ஓரளவுதான் ஏற்பேன். பெயரை எடுக்கலாம். ஆனால் பயத்தில் மண்ணையே எடுத்துவிட்டு ‘ஒரு கிராமத்தில்’ என்று ஆரம்பித்தால் கதை பிணமாகிவிடும். அதை வேறு இழையில் சண்டை போடுவோம்.

சுளவு, கதையை இன்னொரு தடவை படித்தேன். வேறு ஒரு கேள்வி. அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், செக்கர் இருக்கிறார். நீங்கள் எங்கே? சொல்கிறவன் என்று ஒருவன் இருக்கிறான், விளக்கு வெளிச்சத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், ஒன்பது பக்கத்திலும் ஒரு வேலையும் செய்யவில்லை. பீடிக்கார வீட்டுப் பிள்ளைகள் சும்மாவா இருந்தார்கள்? இன்னொன்று, நாலாம் பக்கத்தில் ‘நாங்கள்’ என்று ஒரு இடத்தில் வருகிறது. ‘நாங்கள் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம்.’ நாங்கள் என்றால் யார் யார்?


சுளவு | புதன், அதிகாலை 1.20

தூக்கம் வரவில்லை.

நாங்கள் என்றால் நானும் அக்காவும்.

நானும் வேலை செய்தேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து பீடி நுனியை மடக்கிக் கொடுப்பேன், அம்மா சுற்றச் சுற்ற நான் மடக்க வேண்டும், ஆறாம் வகுப்பு வரைக்கும். அதற்குப் பிறகு என்னை விட்டுவிட்டார்கள், பையன் படிக்கட்டும் என்று. அக்காவை விடவில்லை. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது, அந்த வருஷம் எட்டாவதோடு அவளை நிறுத்தினார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சுளவு. இரண்டு பேரும் சுற்றினால்தான் வட்டியும் வைத்தியமும் போக என் படிப்புக்கு மிஞ்சும்.

பழையதோழருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும், சுற்றிய பீடியைக் கணக்கு எழுதுகிற பாஸ் புத்தகம் அம்மா பேரில் ஒன்றுதான். அக்கா சுற்றிய பீடியெல்லாம் அம்மா கணக்கில் ஏறியது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற படிப்பு உதவித்தொகை எனக்கு வந்தது, அம்மாவின் அட்டையைக் காட்டி வாங்கினேன், பாலிடெக்னிக் முடிக்கிற வரைக்கும். அம்மாவுக்கு இப்போது ஏதோ கொஞ்சம் பென்ஷன் வருகிறது. கல்யாணம் ஆகிற வரைக்கும் பதினோரு வருஷம் சுற்றிய அக்காவுக்கு ஒரு வைப்பு நிதி எண்கூடக் கிடையாது. எந்தத் தாளிலும் அவள் பீடி சுற்றியதாக இல்லை.

என் கதையிலும் இல்லை.

வேண்டுமென்று விட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். அக்காவைக் கொண்டுவந்தால் அம்மா, தன் மகளை நிறுத்திய அம்மா ஆகிவிடுவாள். நான், அக்கா சுற்றிய காசில் படித்துவிட்டு இன்று கதை எழுதுகிற ஆள் ஆகிவிடுவேன். அம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. குற்றமெல்லாம் செக்கர் தலையிலும் அப்பா தலையிலும் விழுந்துவிடும், நான் விளக்கு வெளிச்சத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கலாம்.


பழையதோழர் | புதன், காலை 6.00

தம்பி, படித்தேன். ஒரு புத்தகத்தில் மூன்று பேர், நாலு பேர் சுற்றிய வீடுகள் எனக்குத் தெரியும். பெயர் சேர்க்கச் சொல்லி நாங்கள் மனு கொடுத்தோம். கொடுத்ததோடு சரி, எல்லா வீட்டுக்கும் போய் ஏறி இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கணக்கில் இல்லாதது சங்கத்துக்கும் தெரியும், சந்தா புத்தகத்துக்குத்தான் தேவைப்படவில்லை.

நடுவில் வைத்த பீடியைப் பற்றி நேற்று எழுதாதே என்றேன். இன்றைக்கும் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் இதை எழுது.


கந்தகம் | புதன், காலை 10.15

அண்ணாச்சி, என் வீட்டிலும் ஒரு அக்கா உண்டு. தீப்பெட்டி ஒட்டினாள். இப்போதைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.


தேயிலைக்காரி | புதன், காலை 11.40

அண்ணா, எழுதுங்கள், ஆனால் முதலில் அக்காவுக்குக் கொடுங்கள். அம்மாவிடம் எழுதிய பிறகு காட்டினீர்கள், அதனால்தான் இவ்வளவு பேச வேண்டி வந்தது. அக்கா உயிரோடு இருக்கிறார், அவருக்கும் மாமியார் வீடு, பிள்ளைகள் இருப்பார்கள், படிப்பை நிறுத்தியதை அவர் வெளியில் எப்படிச் சொல்லி வைத்திருக்கிறாரோ தெரியாது. உங்கள் குற்ற உணர்ச்சியை இறக்கி வைக்க அவர் முதுகை மறுபடி கேட்காதீர்கள். கோபிக்க வேண்டாம், எனக்கும் படித்த தம்பி ஒருவன் இருக்கிறான்.


சுளவு | வெள்ளி, இரவு 9.15

கோபம் இல்லை. சொன்னது சரி.

அக்கா பாவூர்சத்திரத்தில் இருக்கிறாள். போன் பண்ணிப் பேசத் தைரியம் வராமல், நேற்று ராத்திரி புதிதாக எழுதிய நாலு பக்கத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். திண்ணை, வானொலி, மதினி, நடுவில் வைக்கிற பீடி, இரண்டு சுளவு, எல்லாம் இருக்கிறது. ‘இதை அச்சில் போட உனக்குச் சம்மதமா, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன்’ என்று கீழே எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. ராத்திரி முழுக்க இல்லை.

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. அப்படியே தருகிறேன்:

“எட்டாவது இல்ல. ஒம்பதாவது. காலாண்டு பரீட்ச எழுதுனேன். கணக்குல எம்பத்தி ரெண்டு. அத மாத்து. மத்தது இருக்கட்டும்.”

மாற்றிவிட்டேன்.